விடுபட்ட ஒரு ‘னு’

1

நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் ஊழியர்களுக்கு மதிய உணவு பதினொன்றரை மணிக்கு. நார்வேக்கு வந்து பத்தொன்பது வருடமாகியும் அந்த நேரத்துக்கு என் வயிறு பழகவில்லை. போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை தயிர்ச்சோற்று டப்பாவைத் திறந்துகொண்டிருந்தபோது, எதிரில் ரொட்டி தின்றுகொண்டிருந்த சக ஊழியை மாரித் என் அக்காவைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். பேசுவது என் அக்காவைப் பற்றி என்று அவளுக்குத் தெரியாது.

“கலா, உனக்கு இந்தியாவில் எந்த ஊர்? ஒரு தொடர் பார்த்தேன். குற்ற வழக்குகளைப் பற்றி எடுப்பார்களே, அந்த மாதிரி. ஒரு மலை, அடிவாரத்தில் பெரிய கோயில். ஒரு பெல்ஜியப் பெண் காணாமல் போகிறாள்.”

“திருவண்ணாமலை” என்றேன். “என் ஊர்தான்.”

“அப்படியா! அதில் ஒரு வீட்டுக்காரம்மா வருகிறாள். எல்லோரிலும் எனக்கு மிகவும் பிடித்தவள் அவள்தான்.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பிடித்தவள், பிடிக்காதவள் என்று மதிப்பெண் போட இதென்ன பாட்டுப் போட்டியா? “நான் இன்னும் பார்க்கவில்லை” என்று பொய் சொல்லிவிட்டு டப்பாவை மூடினேன். உண்மையில் அதற்கு இரண்டு நாள் முன்புதான் பார்க்க உட்கார்ந்தேன். இரண்டாவது பகுதியின் நடுவில் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு எழுந்து போய்விட்டேன்.

2

ஊரில் இருக்கும் உங்களில் பலர் அந்தத் தொடரைப் பார்த்திருப்பீர்கள். செங்கம் ரோட்டில் படமெடுத்தபோது நின்று வேடிக்கை பார்த்தவர்களும் இருப்பீர்கள். பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

சரியாகச் சொன்னால் நாங்கள் திருவண்ணாமலைக்குப் பக்கத்தில் கீழ்பென்னாத்தூர்க்காரர்கள். அக்கா விஜயா கல்யாணமாகிப் போனது திருவண்ணாமலைக்கு. ஆசிரமத்துக்குப் பக்கத்தில், செங்கம் ரோட்டிலிருந்து பிரியும் தெருவில் வீடு. மாமா இறந்த பிறகு மாடியில் இரண்டு அறைகளை வெளிநாட்டவர்களுக்கு வாடகைக்கு விட ஆரம்பித்தாள். பன்னிரண்டு வருடங்களுக்கு முன் அதில் ஒரு அறைக்குப் பெல்ஜியத்திலிருந்து கிளாரா வந்தாள். வயது முப்பத்திநாலு. ஒருநாள் காலையில், தன்னை வழிகாட்டி என்று சொல்லிக்கொண்ட ஒருவனோடு மலைக்குப் பின்பக்கமாக ஏறினாள். மேலே போனதும் அவளைத் தள்ளிவிட்டு, கைப்பேசியையும் பாஸ்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு அவன் இறங்கிவிட்டான். ஒன்பதாம் நாள் விறகு பொறுக்கப் போனவர்கள் உடலைப் பார்த்தார்கள். அன்று மாலையே உயிர் போயிருக்கலாம், காலொடிந்து இரண்டு மூன்று நாள் கிடந்தும் இருக்கலாம், எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்று படத்தில் மருத்துவர் சொல்கிறார். அவன் இப்போது சிறையில் இருக்கிறான். படத்தில் அவனுக்குப் பத்து நிமிடம்கூடக் கொடுக்கவில்லை. அது ஒன்றுதான், முதல் தடவை பார்த்த அளவில்கூட, எனக்குப் பிடித்திருந்தது.

வெளிநாட்டவரை வீட்டில் தங்கவைத்தால் இருபத்திநாலு மணி நேரத்துக்குள் போலீசுக்கு ‘சி பாரம்’ போட வேண்டும். அக்கா போடவில்லை. அந்தப் பயத்தில் கிளாரா காணாமல் போனதை அவள் உடனே யாரிடமும் சொல்லவில்லை. “ஆறாவது நாள்தான் போலீஸ் டேஷனுக்குப் போனேன்” என்று படத்தில் சொல்கிறாள், கேமராவை நேராகப் பார்த்து, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு.

ஆறாவது நாள்! பன்னிரண்டு வருடமாக என்னிடம் சொன்ன கதையே வேறு. மறுநாளே போனதாகத்தான் நான் நம்பிக்கொண்டிருந்தேன். என் கணவரிடம், மகளிடம், இங்கே பெர்கனில் இருக்கும் ஈழத்து நண்பர்களிடமெல்லாம், “எங்க அக்காதான் முதல்ல போய் போலீஸ்ல சொன்னாங்க” என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். இப்போது உலகமே ஒரே நாளில் தெரிந்துகொண்ட விஷயத்தை நானும் சோபாவில் உட்கார்ந்து, உலகத்தோடு சேர்ந்து தெரிந்துகொண்டேன்.

3

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். என்னை எழுந்து போக வைத்தது சப்டைட்டில்.

அக்கா சொன்னது இது: “நாலாவது நாளு எதிர்வீட்டுக்காரங்க கேட்டாங்க, எங்க உங்க வெள்ளக்காரப் பொண்ணக் காணோம்னு. எனக்கும் அந்தப் பொண்ணுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லனு சொல்லிட்டேன்.”

கீழே ஆங்கிலத்தில் வந்தது இது: எனக்கும் அந்தப் பெண்ணுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

அவ்வளவுதான். ‘னு சொல்லிட்டேன்’ காணோம். அன்றைக்குப் பயத்தில் தான் சொன்ன ஒரு பொய்யை அக்கா இன்றைக்கு ஒப்புக்கொள்கிறாள். சப்டைட்டிலோ அதே பொய்யை இன்றைக்கும் அவள் வாயில் போட்டு உலகத்துக்குக் காட்டுகிறது.

என் மகள் மீரா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பதினாறு வயது. ஐந்து வருடம் சனிக்கிழமை தமிழ் வகுப்புக்கு அனுப்பினேன். கைப்பந்து ஆட்டம் வந்ததும் தமிழ் நின்றுவிட்டது. அங்கே சொல்லிக்கொடுத்தவர்கள் யாழ்ப்பாணத்துக்காரர்கள், அதனால் அவள் பேசும் கொஞ்சத் தமிழும் எங்கள் வீட்டுத் தமிழ் இல்லை.

“பெரியம்மா நல்லவங்கன்னு சொன்னே. ஏன் இப்படிக் கதைக்கிறாங்க?” என்றாள்.

“அவ சொன்னத நீ கேட்டியா?”

“கேக்கேல்ல. படிச்சேன்.”

தன் பெரியம்மா தமிழில் பேசுவதை அவள் ஆங்கிலத்தில் படித்துக்கொண்டிருக்கிறாள். காதில் விழுந்ததை விட்டுவிட்டாள். நான் ‘னு’வைப் பற்றி விளக்க ஆரம்பித்தேன். அது ஒரே ஒரு எழுத்து, ஆனால் அது இருந்தால் பேச்சு வேறு, இல்லாவிட்டால் வேறு என்றேன். “ஓகே அம்மா, ஓகே” என்று தலையாட்டிக்கொண்டே கைப்பேசியில் மற்றவர்கள் எழுதியிருந்ததைக் காட்டினாள். கல்நெஞ்சக்காரி. இவளையும் உள்ளே போட்டிருக்க வேண்டும். அந்தச் சிரிப்பைப் பாருங்கள்.

அக்கா அழுகையை அடக்கும்போது உதடு அப்படிக் கோணும். நாலு வயதிலிருந்து நான் பார்த்த முகம். அதைச் சிரிப்பு என்கிறார்கள்.

மறுநாள் தொடரை வெளியிட்ட நிறுவனத்துக்குப் புகார் எழுதினேன். எழுத ஒரு இடம் கண்டுபிடிப்பதற்கே ஒரு மணி நேரம் ஆயிற்று. ‘உங்கள் பிரச்சினையைத் தேர்ந்தெடுக்கவும்’ என்ற பட்டியலில் படம் நின்றுவிடுகிறது, ஒலி வரவில்லை, எழுத்து தாமதமாக வருகிறது என்றெல்லாம் இருந்தது. எழுத்து தவறு என்று இல்லை. கடைசியில் ‘தாமதமாக வருகிறது’ என்பதை அமுக்கி, கீழே பெட்டிக்குள் அடங்குகிற அளவுக்கு, தமிழில் பிறர் சொன்னதையும் தான் சொன்னதையும் எடுத்துச் சொல்ல ‘என்று’ வரும், பேச்சில் அது ‘னு’ ஆகும் என்று இலக்கணப் பாடமே நடத்தினேன். நாலு நாள் கழித்துப் பதில் வந்தது. சோதித்துப் பார்த்ததில் சப்டைட்டில் ஒலியோடு சரியாகப் பொருந்தி வருகிறதாம். புகார் முடித்துவைக்கப்பட்டதாம். சேவை எப்படி இருந்தது என்று ஐந்து நட்சத்திரம் வேறு கேட்டிருந்தார்கள்.

மறுபடி எழுதினேன். பேசியவர் நீங்கள்தானா என்று கேட்டார்கள். இல்லை, தங்கை என்றேன். அப்படியானால் சம்பந்தப்பட்டவர்தான் எழுத வேண்டும் என்றார்கள்.

4

அடுத்த சனிக்கிழமை காலை, வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில், மறுபடி முதலிலிருந்து பார்க்க உட்கார்ந்தேன். கையில் நோட்டும் பேனாவும். இன்னும் எத்தனை இடத்தில் தவறாக எழுதியிருக்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளும் எண்ணம். கோபத்தோடுதான் உட்கார்ந்தேன். ஆனால் எழுத மறந்து பார்க்க ஆரம்பித்துவிட்டேன்.

தையல்கடை கரீம் பாயை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். மூன்று தலைமுறையாக ஊரில் தைக்கிற குடும்பம். கேமராவுக்காகத் தாடிக்குப் புதிதாக மருதாணி போட்டுக்கொண்டு, கஞ்சி போட்ட சட்டையோடு உட்கார்ந்திருக்கிறார். ஆறாவது நாள் கிளாராவுக்குத் தைத்த துணியைக் கொடுக்க அவர் அக்கா வீட்டுக்குப் போனார். விஷயம் தெரிந்ததும் அக்காவைப் போலீசுக்குக் கூட்டிப் போனவர் அவர்தான். “நான் ஓடுனேங்க, ஒரே ஓட்டம்” என்கிறார். அடுத்த காட்சியில் அக்கா, “அவரு எங்க ஓடுனாரு, முட்டிவலிக்காரரு. ஆட்டோலதான் போனோம்” என்கிறாள். நான் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். அப்புறம் அவரே, யாரும் கேட்காமல், இதையும் சொல்கிறார்: “அந்தப் பொண்ணு முன்னாடியே என்கிட்ட கேட்டுச்சு, மலைக்குக் கூட்டிட்டுப் போறவன் நல்லவனானு. அவன் யோக்கியத எனக்குத் தெரியும். ஆனா நம்ம கடைக்கு நாலு பேரக் கூட்டிட்டு வர்றவன். எனக்குத் தெரியாதும்மானு சொல்லிட்டேன்.” இதற்கு மட்டும் சப்டைட்டில் சரியாக இருந்தது.

ஓய்வு பெற்ற இன்ஸ்பெக்டர் ஒருவர் வருகிறார். வீட்டுக் கூடத்தில், பேரப்பிள்ளையின் சைக்கிளுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். “அந்த அம்மா வந்து சொன்னப்ப நான் சிரிச்சேங்க. வேற ஆசிரமத்துக்குப் போயிருக்கும், வந்துடும்னு சொன்னேன். சாயங்காலம் வரைக்கும் உக்கார வச்சுட்டேன்” என்கிறார். சொல்லும்போதே கைக்கடிகாரத்தைத் திருகிக்கொண்டிருக்கிறார்.

கிளாராவின் அண்ணன் பீட்டர். அந்த வருடம் தங்கை அனுப்பிய கடைசி மூன்று மின்னஞ்சல்களை அவர் திறக்கவே இல்லை. “அவள் தூரத்தில் இருந்தது எனக்கு நிம்மதியாக இருந்தது” என்கிறார். எந்த அண்ணன் இப்படிக் கேமரா முன்னால் சொல்வான்?

அப்புறம் என் அக்கா. இறந்தவர்களைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் தங்கம், விளக்கு, சிரித்த முகம் என்பார்கள். அக்கா, “தண்ணிய ஜாஸ்தியா செலவு பண்ணுவாங்க. சொன்னா கோவம் வந்துடும். தெருநாய்க்கெல்லாம் பிஸ்கட் போட்டு வாசல்ல கூட்டம் சேத்துடுவாங்க. அன்னிக்குக் காலைல கூட எங்களுக்குச் சண்டதான். நான் மூஞ்சியத் திருப்பிக்கினேன். போய்ட்டு வரேன்மானு சொல்லிட்டுத்தான் போனாங்க, நான் திரும்பிப் பாக்கல” என்றாள். படம் முழுக்கப் புகைப்படமாக இருந்த கிளாரா அந்த ஒரு நிமிடத்தில்தான் ஒரு மனுஷியானாள். மாரித்துக்கு ஏன் பிடித்தது என்று எனக்கு அப்போது புரிந்தது. புரிந்ததும் எரிச்சலாகவும் இருந்தது. என் அக்காவை அடையாளம் கண்டுகொள்ள மாரித்துக்கு ஒரு தடவை போதுமாக இருந்தது, எனக்கு இரண்டு தடவை தேவைப்பட்டது.

5

மூன்றாவது பகுதியின் முடிவில், முதல் தடவை நான் பார்க்காமல் விட்ட இடத்தில், படமெடுப்பவர் கேட்கிறார்: அந்த ஆறு நாளில் நீங்கள் யாரிடமும் யோசனை கேட்கவில்லையா?

“கேட்டேன். மூணாவது நாளு, தெரிஞ்சவங்க ஒருத்தங்க கிட்ட போன்ல கேட்டேன். கொஞ்சம் பொறுத்துப் பாருனு சொன்னாங்க. அவங்களக் குத்தம் சொல்லக் கூடாது. அவங்க எங்கயோ தூரத்துல இருக்காங்க. பக்கத்துல இருந்தது நான்தானே.”

தெரிந்தவர் யார் என்று அவர் கேட்கிறார். “அது எதுக்குங்க” என்று அக்கா தலையாட்டிவிடுகிறாள்.

அந்தத் தெரிந்தவர் நான்.

எனக்கு அப்போது ஏழாவது மாதம். மீராவுக்கு நாலு வயது. பிரசவத்துக்கு அக்கா இங்கே வந்து மூன்று மாதம் இருப்பதாக ஏற்பாடு. அழைப்புக் கடிதம், காப்பீடு, வங்கித் தாள், வீட்டில் எத்தனை அறை என்பதற்கு வரைபடம் என்று விசா மனுவுக்காக நாயாய் அலைந்து எல்லாவற்றையும் கொடுத்திருந்தேன். அந்த வாரம்தான் பதில் வர வேண்டும். அப்போது அக்கா கூப்பிட்டாள். “மேல் ரூமு பொண்ணு மூணு நாளா வரலடி. பேக் எல்லாம் அப்படியே இருக்கு. எனக்கு பயமா இருக்கு” என்றாள்.

நான் சொன்னதை இங்கே எழுதுகிறேன். “அவங்க அப்படித்தான் அக்கா, திடீர்னு எங்கனா கிளம்பிடுவாங்க. நீ பாரமும் போடல. இப்ப போலீசுனு போனா உன்னத்தான் புடிச்சு உக்கார வைப்பாங்க. கேஸ் கீஸ்னு ஆனா விசா வராது. கொஞ்சம் பொறு.”

விசா எப்படியும் வரவில்லை. திரும்பிப் போவார் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று மறுத்துவிட்டார்கள். பாரம் போடாத குற்றத்துக்கு அக்கா ஒரு வருடம் வேங்கிக்காலில் இருக்கும் அரசாங்க ஆபீஸ்களுக்கு நடந்தாள். நான் மகனைப் பெற்றேன், வேலைக்குப் போனேன், குடியுரிமை வாங்கினேன். அந்தத் தொலைபேசிப் பேச்சை ஒருவரிடமும் சொன்னதில்லை. என்னிடமே சொல்லிக்கொண்டதில்லை. மறுநாளே போனாள் என்று நம்பிவிட்டால் அந்தப் பேச்சே நடக்கவில்லை என்றாகிவிடும்.

6

ஞாயிற்றுக்கிழமை அக்காவைக் கூப்பிட்டேன். நியாயமாக மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். நான் சண்டை போட்டேன்.

“கேமராக்காரங்ககிட்ட சொன்னத என்கிட்ட ஏன் சொல்லல? மறுநாளே போனேன்னு தானே சொன்ன?”

“நான் எங்க சொன்னேன்? பொணம் கிடைச்ச அன்னிக்கு நீ போன் பண்ண. ‘உடனே போய் சொல்லிட்டல்லக்கா’னு கேட்ட. நான் ம்-னேன். நீ கேட்டது அப்படி. அதுக்கு வேற இன்னா சொல்றது?”

நான் பேச்சை மாற்றினேன். “படம் பாத்தவங்க உன்னத் திட்டறாங்க, தெரியுமா? நீ பேசினத இங்கிலீஷ்ல தப்பாப் போட்டுட்டாங்க. நீ ஒரு கடுதாசி எழுதிக் குடு, நான் மாத்த வைக்கிறேன்” என்றேன்.

“தெரியும். நாலு பேரு வீட்டு முன்னாடி நின்னு போட்டோ எடுக்கறானுங்க. மருமகப்புள்ள ஒரு மாசமா பேசறதில்ல. எழுத்த மாத்திட்டா அதெல்லாம் மாறிடுமா?”

“அப்ப எதுக்குப் போய் உக்காந்த? வேற யாருனா பேசட்டும்னு விட வேண்டியதுதானே?”

“பீட்டரு வந்துச்சு கலா. அந்த ரூமுல உக்காந்துகினு, என் தங்கச்சி அன்னிக்குக் காலைல இன்னா சாப்டுச்சுனு கேட்டுச்சு. ஒண்ணும் சாப்டல, எங்களுக்குச் சண்டனு சொன்னேன். அதச் சொன்னப்புறம் மத்தத எப்படி மறைக்கிறது? எல்லாம் சொல்லிட்டேன். கேமரா அப்பாலதான் வந்துச்சு.”

“என் பேர ஏன் சொல்லல?”

“நீ சொல்ல வேண்டியத நான் எதுக்குச் சொல்லணும்?” என்றாள். குரலில் கோபம் இல்லை. அது எனக்கு இன்னும் எரிந்தது. “பன்னெண்டு வருசமா போன் பண்ற. மழ வந்துச்சா, மல்லாட்ட மூட்ட என்ன வெலனு எல்லாம் கேக்கற. அன்னிக்குப் பேசுனத மட்டும் ஒரு தடவ கூடக் கேக்கல. நானும் பாத்துகினுதான் இருந்தேன்.”

7

முதலில் மீராவிடம் சொன்னேன். தமிழில் ஆரம்பித்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நார்வேஜிய மொழிக்கு மாறினேன். அந்த மொழியில் எனக்குச் சாக்குச் சொல்லத் தெரியாது. ஏழாவது மாதம், விசா, பயம் என்று சுற்றி வளைக்க வார்த்தைகள் போதவில்லை. ‘பெரியம்மாவைப் பொறுத்திருக்கச் சொன்னது நான்’ என்று நேராகத்தான் சொல்ல முடிந்தது.

“அப்பாவுக்குத் தெரியுமா?” என்றாள்.

“இனிமேல்தான் சொல்லணும்.”

அவள் என்னைக் கட்டிக்கொள்ளவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. “பெரியம்மா ஒவ்வொரு தடவையும் உன்னக் காப்பாத்துறாங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனாள். ஒரு பிழையும் இல்லாத தமிழில் சொன்னாள்.

பிறகு அக்காவிடம் பீட்டரின் எண்ணை வாங்கினேன். மொழிபெயர்ப்புச் செயலியை வைத்துக்கொண்டு இருவரும் இத்தனை நாளாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நான் யார், மூன்றாவது நாள் என்ன சொன்னேன், ஏன் சொன்னேன் என்று ஆங்கிலத்தில் எழுதினேன். ‘ஏன்’ என்ற பகுதியை இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் அழித்தேன். கடைசியில் அதில்லாமலே அனுப்பினேன்.

ஆறு நாள் பதில் இல்லை. வேலையில் மருந்துத் தட்டை மாற்றி வைத்தேன், கணவரிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன். திட்டி எழுதினாலும் நிம்மதியாக இருக்கும் என்று தோன்றியது. மன்னித்தேன் என்று எழுதிவிடுவாரோ என்ற பயமும் இருந்தது. ஏழாம் நாள் காலை பேருந்தில் இருந்தபோது வந்தது. அவர் திட்டவும் இல்லை, மன்னிக்கவும் இல்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருந்தார்: அன்று உங்கள் அக்கா தொலைபேசியில் கிளாராவைப் பற்றி வேறு என்னவெல்லாம் சொன்னார்? நினைவிருப்பதையெல்லாம் எழுத முடியுமா?

நினைவில்லை என்று எழுதத்தான் கை போனது. நிறுத்தத்தில் இறங்கி, மழையில் கூரைக்குக் கீழே நின்று யோசித்தேன். நினைவிருந்தது. எல்லாமே இருந்தது. வேலைக்குத் தாமதமாக வருகிறேன் என்று செய்தி அனுப்பிவிட்டு அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து எழுதினேன். அறை ஜன்னல் திறந்தே கிடந்ததாக அக்கா சொன்னாள் என்று எழுதினேன். மேசையில் பாதி எழுதிய ஒரு தாள் இருந்ததை எழுதினேன். மொட்டை மாடியில் கிளாரா துவைத்துப் போட்டிருந்த துணிகள் மூன்று நாள் வெயிலில் காய்ந்து கிடந்ததையும், வந்தால் மறுபடி சண்டைக்கு வருவாள் என்று தெரிந்தும் அக்கா அவற்றை எடுத்து மடித்து அவள் கட்டிலில் வைத்ததையும் எழுதினேன். அக்கா இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தபோது, அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லி நான் போனை வைத்ததையும் எழுதினேன். அடுப்பில் பால் இல்லை என்பதையும் எழுதினேன்.